மெத்தடோன் மருந்துப் பெட்டி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருடம் ‘கேப்ஸ்டோன்’ என்று ஒரு வடிவமைப்புப் பாடம் உண்டு. நாலைந்து பேர் கொண்ட குழு, வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவரும் நிஜமான சிக்கல், இரண்டு செமஸ்டர், கடைசியில் மேசைமேல் வைத்துக் காட்ட ஒரு பொருள். அப்படி ஒரு குழுவுக்கு நான் வழிகாட்டியாக இருந்தபோது வந்து சேர்ந்த சிக்கல் இது: போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் தினமும் கிளினிக்குக்கு ஓடாமல், மருந்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு பெட்டி. இதைப் பற்றி ஓரிரு இடங்களில் பேசினேன். அதிலிருந்து இங்கிருந்தும் ஊரிலிருந்தும் தமிழ் மாணவர்கள் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பாதிக் கேள்விகள் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

மெத்தடோன் என்பது என்ன? ஒரு போதைக்கு இன்னொரு போதையா?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கடிதமும் வந்ததில்லை. ஹெராயின், ஃபென்டனில் போல மெத்தடோனும் அபினைப் போல வேலை செய்யும் மருந்துதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹெராயின் ஊசி சில நொடிகளில் தலைக்கேறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடம்பு முறுக்கும், வியர்த்துக் கொட்டும், வயிறு கலங்கும், தூக்கம் போய்விடும். அந்த அவதிக்குப் பயந்துதான் அடுத்த ஊசியைத் தேடி ஓடுவார்கள். வாய்வழியாகக் கொடுக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்குக் குறையாமல் தாங்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் மயக்கமும் இல்லை, அவதியும் இல்லை. காலையில் ஒரு டோஸ், அப்புறம் வேலைக்குப் போகலாம். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1960-களின் நடுவில் இதைச் செய்து காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மெத்தடோனையும், இதே வேலைக்குத் தரும் இன்னொரு மருந்தான புப்ரனார்ஃபினையும் இந்தச் சிகிச்சைக்கான அத்தியாவசிய மருந்துகளாகப் பட்டியலில் சேர்த்தது.

அதை மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே, பெட்டி எதற்கு?

பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. அமெரிக்கச் சட்டம் வேறு. தீராத வலிக்கு என்று டாக்டர் எழுதினால் மெத்தடோனைக் கடையில் வாங்கலாம். அதே மருந்து போதைப் பழக்கத்துக்கு என்றால் தனி உரிமம் பெற்ற கிளினிக்கில் மட்டும்தான். நாடு முழுக்க அப்படி இருப்பவை சுமார் 2,000. வயோமிங் மாநிலத்தில் நெடுங்காலம் ஒன்றுகூட இல்லை. கிராமப்புறத்தில் ஒரு டோஸுக்காக ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஒரு மணி நேரம் திரும்பி வருபவர்கள் உண்டு.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. பழகிய ஒருவருக்குச் சாதாரணமான அளவு, பழகாத ஒருவரின் மூச்சை நிறுத்திவிடும். குழந்தை என்றால் ஒரு வாய் போதும். இன்னொரு பயம், மருந்து தெருவில் கைமாறி விலைபோவது. பெட்டி பதில் சொல்ல வேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.

கிளினிக்கில் தினமும் அப்படி என்ன நடக்கிறது?

குழுவை ஒரு நாள் விடிகாலை ஐந்தரைக்கு அழைத்துப்போனேன். வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பல கிளினிக்குகள் அந்த நேரத்திலேயே திறந்துவிடும். வாசலில் வரிசை. கட்டட வேலை பூட்ஸோடு ஒருவர், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், குளிருக்குக் கைகளைக் கக்கத்தில் செருகியபடி ஒரு பெரியவர். உள்ளே பஸ் டிக்கெட் கவுன்டர் மாதிரி ஒரு ஜன்னல். நர்ஸ் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறார். கணினியோடு இணைந்த பம்ப் சின்னப் பிளாஸ்டிக் கப்பில் சிவப்புத் திரவத்தை ஊற்றுகிறது. குடித்ததும் அதே கப்பில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வேண்டும். அப்புறம் நர்ஸோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஜன்னலில் ஆனது ஒரு நிமிடம், வரிசையில் நின்றது நாற்பது நிமிடம்.

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. அதுவரை ‘பூட்டு’ ‘பூட்டு’ என்றே பேசிக்கொண்டிருந்த பையன்கள், அன்றைக்குப் பிறகுதான் ‘காலை நேரம்’ என்று பேச ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால், வடிவமைப்பு உண்மையில் அந்த வரிசையில்தான் தொடங்கியது.

விதிகள் தளர்ந்துவிட்டதாகப் படித்தோம். இனியும் பெட்டி வேண்டுமா?

தளர்ந்தது உண்மை. முன்பு முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு டோஸ்தான் வீட்டுக்குக் கிடைக்கும்; ஒரு மாத மருந்தை மொத்தமாக வாங்க இரண்டு வருடம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரை, மற்றவர்களுக்கு 14 நாள் வரை கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஊரெல்லாம் மெத்தடோன் சாவாகப் போகிறது என்று பலர் பயந்தார்கள். மொத்தப் போதை மருந்துச் சாவுகளில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவை 2019-இல் 4.5 சதவீதம், 2021-இல் 3.2 சதவீதம். அதற்குப் பிறகு 2024 ஏப்ரலில் நிரந்தர விதியே வந்துவிட்டது: சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் 7 நாள் மருந்து வரை, 15-ஆம் நாளிலிருந்து 14 நாள் வரை, 31-ஆம் நாளிலிருந்து 28 நாள் வரை.

ஆனால் ‘வரை’ என்பதைக் கவனியுங்கள். கொடுக்கலாம் என்றுதான் விதி. கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாநில அரசு இன்னும் கடுமையாக இருக்கலாம், கிளினிக் தயங்கலாம். பொறுப்பு டாக்டரின் தலையில். ‘நாளை ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற அந்தத் தயக்கத்தைக் குறைப்பதுதான் பெட்டியின் நிஜமான வேலை என்று நினைக்கிறேன். நோயாளியைக் காவல் காக்க என்று செய்தீர்களானால் வேறு ஏதோ ஒரு பொருளைச் செய்துவிடுவீர்கள்.

சாதாரணப் பூட்டுப் பெட்டி போதாதா?

பலருக்குப் போதும். இப்போதும் வீட்டுக்கு மருந்து வாங்குபவர் பூட்டுப் பெட்டி கொண்டுவர வேண்டும் என்பது கிளினிக்குகளில் வழக்கம். குழந்தை கையில் கிடைக்காமல் அது காக்கும். ஆனால் திறந்தால் 14 புட்டியும் ஒன்றாகக் கைக்கு வரும். ஒரு மோசமான ராத்திரியில் நாளைய டோஸையும் சேர்த்துக் குடிக்கத் தோன்றுகிறதே, அந்த ராத்திரிக்குப் பூட்டுப் பெட்டியிடம் பதில் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் தரும் என்றால்தான் மோட்டாரும் கடிகாரமும் தேவை.

உள்ளே என்னென்ன இருக்கும்?

பெரும்பாலான குழுக்கள் ஒரு வட்டத் தட்டில் போய் நிற்பார்கள்: 14 அல்லது 28 குழி, மேலே ஒரே ஒரு வாசல், தினமும் தட்டு ஒரு குழி நகரும். இதற்கு ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) நேரடியாகப் பூட்டிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது அந்த மோட்டாரைக் கையால் திருப்பிவிடலாம். புழுப்பல் சக்கரம் (வோர்ம் கியர்) வையுங்கள், அல்லது பழைய சினிமா புரொஜக்டரில் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திய ஜெனிவா சக்கரம் வையுங்கள். இரண்டுமே தட்டைப் பிடித்துத் திருப்பினால் அசையாது.

கதவுக்கு எல்லோரும் முதலில் எடுப்பது சோலனாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகித் தாழ்ப்பாளை இழுக்கும் சுருள். மலிவு, நிரலும் சுலபம். ஆனால் பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால் ஸ்பிரிங் ஒரு கணம் விட்டுக்கொடுக்கும்; சிலவற்றுக்கு நல்ல காந்தமே போதும். சின்ன மோட்டாரால் நகரும் தாழ்ப்பாள் நிதானமானது. அதையே சொல்வேன்.

கடிகாரச் சில்லு: டிஎஸ்3231 போல வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஒன்று. வருடத்துக்கு ஒரு நிமிடம் தவறும், அவ்வளவுதான். எங்கள் குழு அதைத்தான் வைத்தது. ஆனாலும் மாட்டிக்கொண்டது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். பெட்டிக்கு அதை யாரும் சொல்லவில்லை. மருந்துக்குப் பதில் மிட்டாய் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்த பையன், ஐந்து மணிக்குத் திறக்க வேண்டிய பெட்டியின் முன்னால் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் போனது ஒரு ஆரஞ்சு மிட்டாய். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு அன்றைய கூலி போயிருக்கும். நேரத்தை உலகப் பொது நேரமாகவே உள்ளே வையுங்கள். கடிகார மாற்றத்தையும் சேர்த்து உள்ளூர் நேரமாக மாற்றுவது, திறக்கும் நேரத்துக்கும் திரைக்கும் மட்டும்.

மாத்திரையா, திரவமா?

முதல் வாரமே கிளினிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. மாத்திரை என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். பல கிளினிக்குகள் கொடுப்பது திரவம். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வரும் சிவப்புக் கரைசலை, ஒவ்வொரு நாளுக்கும் தனிப் புட்டியில் நிரப்பிக் குழந்தை திறக்க முடியாத மூடி போட்டுத் தருவார்கள். 80 மில்லிகிராம் என்றால் மருந்து 8 மில்லிலிட்டர்தான். ஆனால் புட்டியும் மூடியும் லேபிளும் சேர்ந்து உங்கள் தட்டின் அளவை முடிவுசெய்துவிடும். 28 புட்டிக்குப் பெட்டி செய்தால் ஒரு சின்ன வாளி அளவுக்கு வந்து நிற்கும். 14-ஓடு நிறுத்துங்கள்.

புப்ரனார்ஃபின் என்றால் அது மருந்துக்கடையிலேயே கிடைக்கும்; நாக்கடியில் வைத்துக் கரைக்கும் படலமாகத் தட்டையான உறையில் வரும். அதற்கு வட்டத் தட்டு ஒத்துவராது. சீட்டுக்கட்டு போல அடுக்கி, ஒவ்வொன்றாக உருவுவதுதான் வழி.

கைரேகை வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

செங்கல் தூக்கும் கை, பாத்திரம் கழுவும் கை எல்லாம் ரேகை தேய்ந்துபோனவை. கல்லூரிப் பையன்களின் விரலில் அருமையாக வேலை செய்த சென்சார், நிஜமான பயனாளிகளிடம் தடுமாறும். கனடாவில் வான்கூவர் நகரில் டாக்டர் மார்க் டின்டல் கொண்டுவந்த ‘மைசேஃப்’ என்ற இயந்திரம் உள்ளங்கை நரம்புகளைப் படித்து அடையாளம் கண்டது. (அது தந்தது ஹைட்ரோமார்ஃபோன் என்ற அபின் வகை வலி மாத்திரை. தெருவில் கிடைக்கும் கலப்பட ஃபென்டனிலால் சாகாமல் இருக்க ஒரு மாற்று. நாம் பேசும் சிகிச்சையிலிருந்து வேறு.) கையடக்கப் பெட்டிக்கு அந்தச் சென்சார் விலை கட்டாது. நான் நாலு அல்லது ஆறு இலக்க எண்ணையே சொல்வேன். வீட்டில் யாராவது மிரட்டி எண்ணை வாங்கிவிட்டால்? அப்போதும் போவது ஒரு டோஸ்தான்.

பேட்டரி தீர்ந்தால் பெட்டி திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா?

என்னிடம் வரும் குழுக்களை நான் முதலில் கேட்பது இதைத்தான். பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் ‘பூட்டியே இருக்கணும் சார்’ என்பார்கள்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ராத்திரி பேட்டரி போய்விட்டது. ஞாயிறு கிளினிக் மூடியிருக்கிறது. கடைசி டோஸ் குடித்து ஒன்று ஒன்றரை நாள் ஆனால் உடம்பு முறுக்க ஆரம்பிக்கும். அந்த மனிதர் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறீர்களா? தெருவில் இன்றைக்குக் கிடைப்பது ஃபென்டனில். மருந்து உள்ளேயே பத்திரமாக இருக்கும். ஆள் இருக்க மாட்டார். திருட்டுக்குப் பயந்து செய்த பெட்டி, திறக்காமல் கொல்லும்.

அதற்காகப் பேட்டரி போனதும் எல்லாக் குழியும் திறந்துகொள்ளவும் விட முடியாது. பிறகு பேட்டரியைக் கழற்றுவதுதான் சாவி என்று ஆகிவிடும். எங்கள் குழு கடைசியில் வந்து சேர்ந்த வழி இது. ஓட்டல் அறைப் பெட்டகங்களில் பார்த்திருப்பீர்கள், வெளியே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். அதில் கடையில் கிடைக்கும் 9 வோல்ட் பேட்டரியை அழுத்தினால் உயிர் வரும். அதுபோல ஒன்று. மோட்டார் மாட்டிக்கொண்டால், கிளினிக்கின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு ஒருமுறைக் குறியீடு வாங்கலாம்; அது ஒரு குழியை மட்டும் தனி வழியாகத் திறக்கும். நம் பாங்க் அனுப்பும் ஓடிபி மாதிரிதான். அந்தக் குறியீட்டைப் பெட்டியும் கிளினிக் கணினியும் நேரத்தை வைத்துத் தனித்தனியே கணக்கிடுவதால் இணையம் தேவையில்லை. (வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கச் சட்டத்தில் மெத்தடோன் கிளினிக்குக்கும் சுருக்கப்பெயர் ஓடிபிதான். எங்கள் குறிப்பேட்டில் எது எந்த ஓடிபி என்று இரண்டு வாரம் குழம்பினோம்.)

ஒரு நாள் டோஸை எடுக்காமல் விட்டால் மறுநாள் இரண்டும் கிடைக்குமா?

கிடைக்கக் கூடாது. விட்ட குழி பூட்டிய அறைக்குள் போய்விட வேண்டும். மூன்று நாலு நாள் தொடர்ந்து விட்டிருந்தால், பெட்டி தன் பாட்டுக்குப் பழைய அளவைக் கொடுப்பதும் ஆபத்து. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். அந்த நிலையில் பெட்டி நின்று, ‘கிளினிக்கைக் கூப்பிடுங்கள்’ என்று மட்டும் காட்ட வேண்டும். முடிவு நர்ஸுடையது, நிரலுடையது இல்லை.

சுத்தியலால் உடைத்தால்?

உடையும். 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு இயந்திரப் பொறியியல் மாணவர்கள் வலி மாத்திரைகளுக்காகக் கைரேகைப் பூட்டுள்ள ஒரு பெட்டி செய்தார்கள். சுத்தியலுக்கும் துளைப்பானுக்கும் தாக்குப்பிடிக்கும்படி உலோகத்தில். நல்ல வேலை. ஆனால் கட்டட வேலைக்காரரின் வீட்டில் கிரைண்டர் இருக்கும். உடைக்கவே முடியாதது என்ற போட்டியில் இறங்கினால் எடையும் விலையும்தான் ஏறும். உடைத்தது மறைக்க முடியாமல் தெரிய வேண்டும், உடைத்த நேரம் பதிவாக வேண்டும். அதற்கு மேல் இன்னொரு கிலோ இரும்பைச் சேர்ப்பதில் பலன் இல்லை.

மருந்தைக் குடித்தாரா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. புட்டியை எடுத்தது தெரியும், காலிப் புட்டி திரும்பி வந்தது எடை சென்சாரில் தெரியும். நடுவில் வாயில் போனதா, கழிவுத்தொட்டியில் போனதா என்று எதுவும் சொல்லாது. சில இடங்களில் நோயாளி கைப்பேசியில் குடிப்பதைப் பதிவுசெய்து அனுப்புகிறார். பெட்டியிலேயே கேமரா வைக்கலாமா என்று எங்கள் குழு யோசித்தது. படுக்கையறையில் வைக்கிற பொருளில் கேமராவா என்று ஒரு பெண் கேட்டதும் விட்டுவிட்டார்கள்.

நோயாளிகளிடம் கேட்டதில் நீங்கள் எதிர்பார்க்காதது என்ன?

சத்தம். பெட்டி பீப் பீப் என்று கத்தினால் பக்கத்து அறைக்காரனுக்கு இங்கே மெத்தடோன் இருக்கிறது என்று அறிவித்த மாதிரி. மாணவர்கள் பெருமையாகக் காட்டிய அலாரத்தை முதல் சந்திப்பிலேயே கழற்றச் சொன்னார்கள். அதிர்வு போதும் என்றார்கள். மருந்துச் சின்னமும் வேண்டாம். ஒருவர் காப்பித்தூள் டப்பா மாதிரி செய்து தரச் சொன்னார். இன்னொருவர் காரில் தூங்குகிறவர்; வைஃபை, சுவர்ப் பிளக் என்று பேச ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார். அதோடு இணையம் வேண்டும் என்ற நிபந்தனை வரைபடத்திலிருந்து போனது.

மாதம் ஒரு ஊசி போதும் என்கிறார்களே, பெட்டி பழங்கதை ஆகாதா?

புப்ரனார்ஃபினுக்கு மாதாந்திர ஊசி அமெரிக்காவில் 2017 கடைசியிலேயே அனுமதி பெற்றுவிட்டது. ஒத்துவருகிறவர்களுக்கு அருமையான வழி. ஆனால் சிலருக்குப் புப்ரனார்ஃபின் போதாது, மெத்தடோன்தான் கேட்கும். மெத்தடோனுக்கு அப்படி ஒரு ஊசி சந்தையில் இல்லை.

இந்தியாவில் இதை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சிக்கலை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் மையங்களில் பெரும்பாலும் கொடுப்பது புப்ரனார்ஃபின் மாத்திரை, நர்ஸ் கண்முன்னால், தினமும். 2020 ஊரடங்கில் சில நாளுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். ஆகவே தேவை இல்லாமல் இல்லை. அருகில் ஒரு மையம் இருந்தால் முதலில் அங்கே போய்க் காலையில் உட்காருங்கள்.

குடிநோய்க்குத் தரும் (எடுத்த பிறகு குடித்தால் உடம்பைப் படுத்திவிடும்) டைசல்ஃபிராமுக்குப் பெட்டி செய்யலாமா என்று தமிழ்நாட்டிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே பிரச்சினை நேர் எதிர். அந்த மாத்திரையை யாரும் அதிகமாக எடுக்க ஆசைப்பட மாட்டார்கள். எடுக்காமல் விடுவதுதான் சங்கடம். பூட்டு வேண்டாம், நினைவூட்டல் போதும். ஒன்று மட்டும்: சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுக்க உதவும் எதையும் செய்யாதீர்கள். விஷயம் தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சோதனைக்கு மெத்தடோன் எங்கே வாங்குவது?

வாங்கவே கூடாது. கட்டுப்பாட்டு மருந்து, உரிமம் இல்லாமல் ஆய்வகத்தில் ஒரு துளி இருந்தாலும் குற்றம். நோயாளியிடம் கொடுத்துப் பார்ப்பதற்கும் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும்; அது ஒரு செமஸ்டரையே தின்றுவிடும் என்பதால் பேட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள் பலர். பெட்டிக்குத் தேவை எடையும் பிசுபிசுப்பும்தான். செர்ரி சிரப்பைத் தண்ணீரில் கலந்து புட்டிகளில் நிரப்புங்கள். இரண்டு புட்டியின் மூடியை வேண்டுமென்றே சரியாகத் திருகாமல் விட்டு, மூன்று நாள் அப்படியே வையுங்கள். எங்கள் தட்டு நாலாம் நாள் காலையில் நகரவில்லை. கழற்றிப் பார்த்தால் தட்டின் அடியில் சிரப் காய்ந்து பசைபோல ஒட்டியிருந்தது, வரிசையாக எறும்பு.